வா வா அக்கா

சிலை வந்த முதல் நாளே அவருக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. அதுவரை ஓட்டுநர்கள் ஓய்வறையில் அவரைப் ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதுக்காக இல்லை, வண்டியைத் தொட்டால் பூவைத் தொடுவது மாதிரி ஓட்டுவார் என்கிற மரியாதைக்காக. ஒரே காலையில் அந்த மரியாதை கப்பலேறிவிட்டது. “என்ன சடன் பிரேக், டீ குடிச்சாச்சா?” என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூடக் கேட்க ஆரம்பித்தான்.

நடந்தது இதுதான். அவர் ஓட்டுவது புறநகர் மின்சார ரயில். பெரிய நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு வளைவு இருக்கிறது. வளைவு முடிந்ததும் முதல் நடைமேடையின் முனை கண்ணெதிரே வந்து நிற்கும். அன்று காலை, பிதுங்கி வழிகிற கூட்டத்தோடு வளைவைத் தாண்டியவருக்கு, அந்த முனையில் ஒரு பெண் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. ரயில் வேலைக்கு வருகிறவனுக்கு எடுத்த எடுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது: கொடி வேண்டாம், விளக்கு வேண்டாம், யாராக இருந்தாலும் சரி, ரயிலைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினால் முன்னால் ஆபத்து. யோசிக்காதே, நிறுத்து. அவர் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் அவசர பிரேக்கைப் போட்டது. பெட்டிகளுக்குள் நின்றிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்தார்கள். யாருக்கோ மூக்கு உடைந்தது, யாருக்கோ மணிக்கட்டு பிசகியது. வண்டி நின்றதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அந்தப் பெண் இமைகூடக் கொட்டாமல் நிற்கிறாள். வெண்கலம்.

அந்த வெண்கலப் பெண்ணைச் செய்தது வேறு யாருமில்லை, அவருடைய மச்சினி. மனைவியின் கூடப்பிறந்த தங்கை. இதுதான் அவருக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

“ரயில்ல வர்றவங்க கண்ணுல முதல்ல படற இடம் எது மாமா?” என்று அவள் கேட்டபோது, சிலைக்காரிக்கே யோசனை சொல்கிற பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கையோடு கூட்டிப்போய், “இங்க வை. வளைவு திரும்பினா எனக்கே இதுதான் முதல்ல தெரியும்” என்று நடைமேடையின் முனையைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டினார். சிலையையும் முன்னமே போய்ப் பார்த்திருந்தார். ஆனால் அவளுடைய கொட்டகையில் அவர் பார்த்த அன்று சிலைக்குக் கைகள் இல்லை. அவ்வளவு பெரிய உருவத்தை ஒரே வார்ப்பாக வார்ப்பதில்லை; உடம்பு தனி, தலை தனி, கைகள் தனி. கைகளைக் கடைசியில்தான் பற்றவைப்பார்கள். தோளோடு நின்றுபோன பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து, “லட்சணமா இருக்கா” என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார் மனிதர். கை எங்கே போகப்போகிறது என்று கேட்க வாய் வரவில்லை. வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்த கமிட்டியிலும் கட்டடக்காரர்கள் இருந்தார்கள், கலை தெரிந்தவர்கள் இருந்தார்கள், ரிப்பன் வெட்டுகிறவர்கள் இருந்தார்கள். ரயில் ஓட்டுகிறவன் ஒருத்தன்கூட இல்லை. கமிட்டி என்றால் அப்படித்தான், சம்பந்தப்பட்டவனைத் தவிர எல்லாரும் இருப்பார்கள்.

ஜனங்களுக்கோ சிலையைப் பிடித்துப்போய்விட்டது. ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம், ஓடி வந்து நின்ற வேகத்தில் பின்னால் பறக்கிற துணி, வாய் நிறையச் சிரிப்பு, வருகிறவர்களை அப்படியே அள்ளிக்கொள்வது போல இரண்டு கைகள். பீடத்தில் வேறு பெயர் பொறித்திருந்தது; அதை யார் படித்தார்கள்? ‘வா வா அக்கா’ என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. “வா வா அக்காகிட்ட நில்லு, வந்துடறேன்” என்பது காதலர்களுக்கும் கடன்காரர்களுக்கும் பொது வசனமாயிற்று. பிடிக்காதவர்களும் இருந்தார்கள். இந்தச் செலவில் கழிப்பறைக்குக் கதவு போட்டிருக்கலாம் என்று ஒருவர் பத்திரிகைக்கு எழுதினார். அது சிரிப்பு இல்லை, பல்வலி என்றார் இன்னொருவர். ஆனால் எழுதியவரும் சொன்னவரும் அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போகவில்லை. எடுக்கிறவர்கள் எல்லாரும் அவளைப் போலவே கையைத் தூக்கினார்கள். ரயில் வரும்போது எடுத்தால் படம் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று யாரோ கண்டுபிடித்த பிறகு, வளைவு திரும்புகிற ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு கூட்டமே கைதூக்கி நின்றது.

அவருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். தேவையில்லாமல் இன்னொரு தடவை பிரேக் போட்டுப் பயணிகளைச் சாய்த்தால் யார்டுக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். யார்டு என்றால் காலிப் பெட்டிகளை இங்கிருந்து அங்கே தள்ளி, அங்கிருந்து இங்கே இழுத்து, ஒரு மனித முகத்தைப் பார்க்காமல் பொழுதைக் கழிப்பது. ஓடுகிற வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவருக்கு அது பாதி செத்த மாதிரி. எல்லா ஓட்டுநர்களுக்கும் ஓர் உத்தரவும் வந்தது: முதல் நடைமேடை முனையில் இருப்பது சிற்பம், அதைச் சைகையாகக் கொள்ள வேண்டாம்.

அவர் நேராக மச்சினி வீட்டுக்குப் போனார்.

“அந்தக் கையை இறக்கு.”

“கையை இறக்கினா அது வரவேற்பா மாமா? சாவு வீட்டு வாசல் மாதிரி இருக்கும்.”

“அப்போ வேற இடத்துல வை.”

“இடம் சொன்னது யாரு?”

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. பேச முடியாத கோபம்தான் ரொம்ப நாள் நிற்கும். இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவிதான் பாவம், இரண்டு பக்கமும் இடி. அக்கா தங்கை போனில் பேசுவார்கள். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பேச்சு “சரி, வச்சிடறேன்” என்று முடியும்.

மாதங்கள் போயின. முதலில் வளைவு திரும்பும்போதெல்லாம் அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. பற்களைக் கடித்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து கையை வலுக்கட்டாயமாக விலக்கி வைத்துக்கொள்வார். பிறகு வேர்ப்பது நின்றது. பிறகு கடிப்பது நின்றது. மற்ற ஓட்டுநர்கள் கைதூக்கி நிற்கிற பிள்ளைகளுக்குக் கை காட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு சின்னப் பெண் அவருக்காகவே நிற்பது போல நின்று, அவர் கண்டுகொள்ளாமல் போனதும் முகம் வாடியது தெரிந்தது. மறுநாள் அவரும் கை காட்டினார். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இல்லாததுதான் அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியது. அந்தப் பயமும் போகப் போக விட்டுப்போயிற்று.

அந்த நாள் காலையில் மனைவி தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“இன்னிக்கு அவ சிலைக்கு மெழுகு பூச வர்றாளாம். இல்லேன்னா வெண்கலம் பச்சை படிஞ்சிடுமாம்.”

“பூசட்டும்.”

“உங்க வண்டி போறப்ப அங்கதான் நிப்பா. ஒரு சிரிப்பு சிரிச்சா குறைஞ்சா போயிடுவீங்க? எத்தனை நாளைக்கு இப்படி ஆளுக்கொரு மூலையில மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருப்பீங்க?”

 சட்டை மாட்டும்போதே அவர் மனது இளகிவிட்டது. அவருக்கும் அலுத்துவிட்டது, வீம்பு பிடிப்பதும் ஒரு வேலைதானே.

மதியத்துக்கு முன்னால் அவருடைய வண்டி வளைவைத் திரும்பியது. சிலை தெரிந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. சிலைக்கு முன்னால், மெழுகுத் துணியைப் பிடித்தபடி, மச்சினி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

ஆள் யார் என்று அவருக்கு உடனே தெரிந்தது. ‘அடி, நீயும் ஆரம்பிச்சிட்டியா’ என்று நினைத்தார். மனசு நிறைந்துபோயிற்று. அத்தனை மாதக் கசப்பும் ஒரு கணத்தில் கரைந்தது. அவர் வாய் நிறையச் சிரித்து, வலது கையைத் தூக்கி, ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

அவள் சிரிக்கவில்லை. அவள் வாய் திறந்திருந்தது, ஆனால் அது சிரிப்பு இல்லை. கைகள் மேலும் கீழும் வெட்டி வெட்டி இழுத்தன. அவளுக்குப் பின்னால் நடைமேடையின் ஓரத்தில் ஆட்கள் குப்புறப் படுத்துக்கொண்டு கீழே கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர் கை பிரேக்குக்குப் போயிற்று. வண்டி கத்தியது. சிலை ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போயிற்று, மச்சினி பின்னால் போனாள், அந்த ஆட்களும் பின்னால் போனார்கள். அதன் பிறகுதான் வண்டி நின்றது. 

தண்டவாளத்தில் விழுந்தவர் ஒரு தையல்காரர். இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர், தலை சுற்றி விழுந்திருக்கிறார். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், நடைமேடைக்கு அடியில் இருக்கிற குழிவுக்குள் உருண்டு ஒண்டிக்கொண்டார். உயிர் பிழைத்தது. வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் அவர் ஊருக்கே நல்லவராகிவிட்டார். ஒரு பெண் எச்சரித்தாள், ஓட்டுநர் பாய்ந்து பிரேக் போட்டார், ஓர் உயிர் தப்பியது. செய்தி அப்படித்தான் பரவியது. ஓய்வறையில் ‘சடன் பிரேக்’ என்ற பெயர் திடீரென்று பாராட்டாக மாறியது. கிண்டல் பண்ணினவனே வந்து தோளைத் தட்டினான். வண்டியில் இருக்கும் பதிவுக்கருவி பிரேக் போட்ட நேரத்தைத்தான் சொல்லும். அவள் எப்போது கையைத் தூக்கினாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த முனையில் ஒரு கேமரா உண்டு. ஆனால் அதற்குச் சிலையின் முதுகுதான் தெரியும். சிலைக்கு முன்னால் நின்றவளை அது பார்க்கவே இல்லை. ஆக, விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். மனைவியிடம் அவரே சொன்னார், மூன்றாயிற்று.

“தையல்காரர் சம்சாரம் இன்னிக்கு வலி மாத்திரை வாங்கக் கடைக்கு வந்துச்சு” என்றாள் மனைவி, விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம். “நான் யாருன்னு யாரோ சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு அழுதுச்சு. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.”

மச்சினி சமையலறை மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய விரல் இடுக்குகளில் இன்னும் மெழுகு இருந்தது. அந்த வீட்டுக்குள் அவள் காலெடுத்து வைத்தே எத்தனையோ மாதங்கள். சமாதானம் வந்தது, இப்படியா வர வேண்டும்?

“நாளைக்கு என்னைத்தான் முதல்ல கேப்பாங்க” என்றாள். “நான் கையத் தூக்கின உடனே பிரேக் போட்டாருன்னு சொல்லிடறேன். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மாமா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“என்னங்க, காதுல விழுதா?” என்றாள் மனைவி. “யாருக்கு என்ன நஷ்டம்?”

“அந்தத் தையல்காரருக்கு?”

“நீங்க உண்மையச் சொன்னா அவருக்குக் கால் முளைச்சிடுமா? உங்க வேலைதான் போகும். இவ சிலையையும் தூக்கிடுவாங்க. இரண்டு குடும்பமும் நடுத்தெருவுல நிக்கணும், அதானே வேணும் உங்களுக்கு?”

“இதுக்கு முன்னாடி நான் செஞ்சதெல்லாம் யார் வீட்டு ஹால்லயோ தூசி படிஞ்சு கிடக்கு” என்றாள் மச்சினி மெதுவாக. “இவளைத்தான் ஊரே பாக்குது மாமா. எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்.”

“நாளைக்கு வேற ஒருத்தன் வண்டியில வருவான்” என்றார் அவர். “அவனும் கை காட்டுவான்.”

“வேற ஒருத்தன் கதை நமக்கெதுக்கு?” என்று மனைவி பாத்திரத்தை டொங்கென்று வைத்தாள்.

அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மனைவி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அது கூடத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் அப்படி எடுத்துக்கொண்டாள்.

விசாரணை நடந்தது நிலையத்தின் மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில். மின்விசிறி கடகடத்தது. விசாரணை அதிகாரி நல்ல மனிதர். அதுதான் தொல்லையாக இருந்தது. கடுகடுவென்று இருப்பவரிடம் உண்மையைத் தூக்கி எறிந்துவிடலாம். இவரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மனைவிக்கு உள்ளே அனுமதியில்லை; வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க கையத் தூக்கினப்போ வண்டி எங்க இருந்துச்சு?” என்று மச்சினியிடம் கேட்டார் அதிகாரி.

“வளைவை விட்டு வெளிய வந்துடுச்சு சார்.”

“ஓட்டுநர் என்ன பண்ணாரு?”

“உடனே பிரேக் போட்டாரு.”

“உடனேன்னா?”

“உடனேதான் சார். என்னைப் பாத்தாரு, போட்டாரு.”

அவள் தடுமாறவே இல்லை. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்து எழுதிக்கொண்டார். “நல்லது. இவர் மேல இருக்கற பழைய எச்சரிக்கையையும் எடுத்துடச் சொல்லிப் பரிந்துரைக்கறேன். அன்னிக்குச் சிலையப் பாத்தே நிறுத்தினவரு, மனுஷியப் பாத்து நிறுத்தாம இருப்பாரா?” சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினார். “நீங்க ஏதாவது சேர்த்துக்கணுமா? இல்லேன்னா முடிச்சுக்கலாம்.”

 மச்சினி அவரைப் பார்க்காமல் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ‘ஆமா சார்’ போதும். எழுந்து, கும்பிடு போட்டு, கீழே இறங்கி, நாளைக்குக் காலையில் வண்டியில் ஏறிவிடலாம். வளைவு வரும். சிலை நிற்கும். கூட்டம் கைதூக்கும்.

“அவங்க தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டிருந்திருப்பாங்க சார்” என்றார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அந்தப் பதட்டத்துல என்னைச் சரியா கவனிச்சிருக்க மாட்டாங்க. நான் உடனே பிரேக் போடலை.”

அதிகாரியின் பேனா நின்றது.

“கை காட்டினேன்.”

“என்னது?”

“சிரிச்சுக்கிட்டே இவங்களுக்குக் கை காட்டினேன். அதுக்கப்புறம்தான் பிரேக்.”

 அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். “பதட்டப்படாதீங்க. சிலைன்னு நினைச்சிட்டீங்க, அதானே? பின்னாடி சிலை, முன்னாடி இவங்க. ஒண்ணோட ஒண்ணு கலந்து தெரிஞ்சிருக்கும். இயல்புதான். அப்படின்னே எழுதிக்கலாம்.”

தப்பிக்க வழி இன்னொரு தடவை திறந்தது. நல்ல மனிதர் அவர், திரும்பத் திரும்பக் கதவைத் திறந்துவிடுகிறார்.

“இல்லை சார். ஆள் யாருன்னு நல்லாத் தெரிஞ்சுது. என் மச்சினி. இரண்டு கையையும் தூக்கியிருந்தாங்க. அதுவும் தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏன்யா நிறுத்தல?” அதிகாரிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “இதைவிட என்ன சைகை வேணும் உங்களுக்கு?”

 விபத்துக்குப் பிறகு ராத்திரியெல்லாம் அவர் தன்னையே கேட்டுப் பார்த்த கேள்விதான் அது. மனைவி சொன்னாள் என்று சொல்வதா? சமாதானமாகப் போகப் பார்த்தேன் என்று சொல்வதா? அவர் கண்கள் கலங்கிவிட்டன. வெட்கமாக இருந்தது, துடைத்துக்கொள்ளவும் கை வரவில்லை.

“நான் சொல்றேன் சார்.”

மச்சினி எழுந்து நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“முன்னாடி சொன்னது பொய். நான் தண்டவாளத்தைப் பாக்கலை, இவரைத்தான் பாத்தேன். சிரிச்சாரு, கை காட்டினாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் எனக்கு அப்படிச் சிரிச்சாரு.” அவள் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டாள். “கையத் தூக்கினா நிறுத்துன்னு இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. அதை ஒழுங்காத்தான் கேட்டாரு, முதல் நாள். அதுக்கு நீங்க தண்டனை குடுத்தீங்க. நானும் இவர் பேச்சைக் கேக்கலை. அப்புறம் தினம் அங்க நின்னு, கையத் தூக்கினா ‘வா வா’ன்னு அர்த்தம்னு இவருக்கு மாத்திச் சொல்லிக்கொடுத்தது என் சிலை. இவரு மட்டும் இல்ல, எல்லா டிரைவரும் கத்துக்கிட்டாங்க. அதை அங்கேருந்து எடுத்துடுங்க சார்.”

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உடைந்தது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி ஒருத்தி சொல்லிக் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

அதிகாரி ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்தார். முடிவு வருகிற வரைக்கும் அவர் யார்டில் இருக்க வேண்டும் என்றார். சிலையைப் பற்றி மேலே எழுதுவதாகச் சொன்னார். அது கமிட்டிக்குப் போய், கமிட்டி கூடி, உத்தரவாகி வர மாசக்கணக்கில் ஆகலாம் என்றும் சொன்னார்.

வெளியே மனைவி எழுந்து நின்றாள். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். 

“யார்டா?” என்றாள்.

“ம்.”

“சிலை?”

“நானே எடுக்கச் சொல்லிட்டேன்க்கா.”

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. இரண்டு அரிச்சந்திரனுக்கு நடுவுல நான் ஒருத்தி பைத்தியக்காரி.” காலைப் பனிக்குப் போர்த்தி வந்திருந்த பெரிய சால்வையை இறுக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் விடுவிடுவென்று படியிறங்கினாள். பின்னால் வருகிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே போகிற வழி முதல் நடைமேடையின் முனையைத் தாண்டித்தான். சிலையைச் சுற்றி எப்போதும் போலக் கூட்டம். ஒரு சின்னப் பெண் பீடத்தின் விளிம்பில் ஏறி நின்று, நடைமேடை ஓரத்தை ஒட்டி, ரயில் வரும் பக்கமாகப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள். ஒரு செருப்பு பாதி கழன்றிருந்தது. அவளுடைய அம்மா பின்னால் போனில் படம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளைவைத் திரும்பி வண்டி வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடைமேடையிலிருந்து அதைப் பார்த்தார். வண்டி கொஞ்சமும் வேகம் குறையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, அந்தக் குழந்தைக்குக் கை காட்டினார். காற்று அடித்ததில் குழந்தை ஒரு தடவை ஆடி, சிலையின் துணி மடிப்பைப் பிடித்துக்கொண்டு, கலகலவென்று சிரித்தது.

மனைவி அப்படியே நின்றுவிட்டாள். கை வாயைப் பொத்திக்கொண்டது.

மச்சினி ஓடினாள். குழந்தையைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டு, அன்று மெழுகு பூச வந்தபோது விட்டுப்போன முக்காலியில் கால் வைத்துப் பீடத்தில் ஏறி, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்துச் சிலையின் கைகளைச் சுற்றிக் கட்டப் பார்த்தாள். அது ஒரு மணிக்கட்டுக்குக்கூடப் போதவில்லை.

“ஏம்மா, யாரு நீ? இறங்கு கீழ!”

“வா வா அக்காவை என்ன பண்ற?”

“பொறாமை பிடிச்சதுங்க, ஒரு நல்லதை இருக்க விடாதுங்க. போலீஸைக் கூப்பிடுங்கப்பா.”

யாரோ அவளுடைய காலைப் பிடித்து இழுத்தார்கள். அவர் நடுவில் புகுந்து அந்தக் கையை விலக்கினார். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள். தோளிலிருந்த சால்வையை உருவி மேலே எறிந்தாள்.

“இந்தாடி. அது பத்தாது.” பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “அவ செஞ்ச சிலை. அவ மூடறா. உங்களுக்கென்ன வந்துச்சு?”

கூட்டம் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போயிற்று. அந்த ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. மச்சினி சால்வையை வெண்கல விரல்களுக்கு மேலே வீசி, முகத்தின் மேல் இழுத்து, மார்போடு சுற்றினாள். அவர் கீழேயிருந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், மனைவி இன்னொரு முனையை. முடிச்சு விழுந்தது.

வளைவுக்கு அப்பால் அடுத்த வண்டி ஊதியது.

“கையை இறக்கு, இறங்கு” என்று அவர் கத்தினார். மச்சினி குதித்தாள்.

வண்டி வளைவைத் திரும்பியது. நடைமேடை முனையில் நிற்கும் அந்த மூட்டை என்ன என்று ஓட்டுநருக்குப் புரியவில்லை. பிரேக் முனகியது. வேகம் பாதியாயிற்று, பாதியில் பாதியாயிற்று. மறுபடி ஊதி, கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை முன்னால் நீட்டி, கண்ணை இடுக்கி, தண்டவாளத்தையும் நடைமேடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே அந்த ஓட்டுநர் வண்டியை மெல்ல ஊர விட்டு உள்ளே கொண்டுவந்தார். யாருக்கும் கை காட்டவில்லை.

“இன்னிக்கும் லேட்டா?” என்று கூட்டத்தில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.